பதினெட்டுப் பாகை

எங்கள் வீட்டுக்காரர் ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள் சாவியை என் கையில் தந்த அன்று மூன்று விஷயம் சொன்னார். செவ்வாய், வெள்ளியில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்கக்கூடாது. பனி கொட்டினால் டிரைவ்வேயில் குவிவதை இரண்டு பேரும் சேர்ந்து தள்ளவேண்டும். மூன்றாவதைச் சொல்லும்போது விரலை உயர்த்தினார்.

"குடி மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரப்படாது தம்பி. வந்தால் அண்டைக்கே சாவியைத் தந்திட்டு வெளிக்கிட வேண்டியதுதான். நான் கோயில் சபையில இருக்கிறனான்."

நான் ஓம் என்றேன். ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில், அவர் வீட்டுக்குக் கீழே இரண்டு அறை பேஸ்மென்ற், தனி வாசல், கைக்கு எட்டுகிற வாடகை. தலைகீழாக நடக்கவேண்டும் என்றிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது நாலு வருடத்துக்கு முந்திய கதை. இப்போது மகள் அட்சயா தெரு முனையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள். இதே மாதிரி ஓரிடத்தை இன்றைக்குத் தேடப்போனால், நானும் மனைவி யதுஷாவும் உழைக்கிற உழைப்புக்கு ஒரு கார்க் கராஜ்தான் கிடைக்கும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள் இருந்துகொண்டு நான் பியர் காய்ச்சப் போனேன் என்றால் என் புத்தியைப் பற்றி வேறொன்றும் சொல்லத் தேவையில்லை.

நான் குடிகாரன் இல்லை. கோடையில் யாராவது வீட்டுப் பின்வளவில் இறைச்சி வாட்டும்போது ஒரு பியர், அவ்வளவுதான். என்னுடைய வியாதி வேறு. பிறம்ரனில் ஒரு குளிர்களஞ்சியத்தில் எனக்கு வேலை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் பார்த்து, ஒரு படிவத்தில் திகதி, நேரம், பாகை, குறிப்பு, கையொப்பம் என்று நிரப்பவேண்டும். ஒன்பது வருடமாக இதைச் செய்கிறவனுக்கு வெப்பமானியைக் கண்டால் கை சும்மா இருக்காது. கூட வேலை செய்த போலந்துக்காரன் ஒருவன் ஒஷாவாவுக்கு வீடு மாறும்போது, தன் பியர் காய்ச்சும் சாமான்களை என் காரில் ஏற்றிவிட்டான். மூடி போட்ட ஒரு பெரிய வெள்ளை வாளி, மூடியின் நடுவில் காற்று வெளியேறுகிற சின்னக் குமிழிக் குழாய், வாளியில் ஒட்டுகிற வெப்பமானிப் பட்டி, முளைகட்டிய கோதுமையில் செய்த மோல்ட் பாகு இரண்டு ரின், அதைப் புளிக்கவைக்கிற ஈஸ்ற் ஒரு பக்கற்.

"தொடங்குகிறவனுக்குக் கோதுமை பியர்தான் லேசு. சூட்டை மட்டும் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவில் பிடித்து வைத்திருந்தால் போதும், மிச்சத்தை ஈஸ்ற் பார்த்துக்கொள்ளும்" என்றான். சூட்டைப் பிடித்து வைத்திருக்கச் சொல்லி என்னிடம் சொன்னான். அதற்குப் பிறகு நான் எப்படி விடுவேன்?

யதுஷாவுக்குச் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கென்ன விசரா? அங்கிளுக்குத் தெரிஞ்சா புள்ளையோட இந்தக் குளிருக்குள்ள எங்க போய் நிக்கிற?"

"குடி வீட்டுக்குள்ள வரப்படாது எண்டுதான் சொன்னவர். உள்ளுக்குள்ளயே செய்யப்படாது எண்டு சொல்லல்லயே."

சப்பாத்தைக் கால் மாறிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் அட்சயாவைப் பார்ப்பது போல அவள் என்னைப் பார்த்தாள். "ஒருக்காத்தான். தெரிய வந்தா நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் சிக்கல் சூடுதான். வீட்டுச் சூட்டை ஏற்றி இறக்குகிற தேர்மோஸ்ரற் மேல்மாடி விறாந்தையில் இருக்கிறது. அங்கிளுக்கு மூட்டு உளைந்தால் சூடு ஏறும், காஸ் பில் வந்தால் இறங்கும். கீழே இருக்கிற எங்களுக்கு அவர் தருகிற சூடுதான் சூடு. ஆகவே பியர் காய்ச்சுவதற்கு முன்னர் ஒரு கிழமை, வீட்டுக்குச் சூட்டுக்காற்று ஊதும் எங்கள் பக்கத்து ஃபேர்னஸ் அறையின் வெப்பநிலையை எழுதிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். வேலையிலிருந்து வெற்றுப் படிவங்கள் கொஞ்சம் கொண்டுவந்து ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். காலையும் மாலையும் எழுதினேன். பதினாறரை, பதினேழு, பத்தொன்பது, மறுபடி பதினாறு. குறிப்புக்கான இடத்தில் கை தன்பாட்டில் வேலையிடத்துச் சொற்களை எழுதியது. 'எல்லைக்குக் கீழே.' 'ஏற்றுக்கொள்ள முடியாது.' பக்கத்தில் என் கையொப்பம்.

திங்கட்கிழமை டிரைவ்வேயில் அங்கிளைக் கண்டபோது, சும்மா கதையோடு கதையாகச் சொன்னேன். "அங்கிள், கீழ சூடு ஒரே அளவில நிக்குதில்லை, மாறி மாறிப் போகுது. ஒரே அளவில நிண்டால் நல்லம்."

அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. "ஓம்... ஓம். நான் பாக்கிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார்.

நாலு வருடமாக என்னை உரிமையோடு 'நீர்' என்று கூப்பிட்ட மனிதர் 'நீங்கள்' என்கிறாரே என்று அந்த நேரமே மனதில் ஏதோ நெருடியது. அன்று பின்னேரமே சூடு இருபத்திமூன்றுக்கு ஏறியது. நான் கேட்டது ஒரே அளவு, கிடைத்தது அடுப்பு.

செவ்வாய்க்கிழமை அங்கிளின் மனைவி தவமணி அன்ரி இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து தந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவிர அவர் கீழே வந்து நான் கண்டதில்லை. புதன்கிழமை அங்கிள் ஒரு புது ஹீற்றரைப் பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் வைத்தார். "பிள்ளைக்குக் குளிரக்கூடாது, வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு, உள்ளே எட்டியும் பார்க்காமல் போனார்.

"இது நல்லதுக்கில்ல. ஒராளை வீட்டால எழும்பச் சொல்லுறதுக்கு முதல்தான் இப்பிடி அன்பாயிருப்பாங்க. ஆரும் சொந்தக்காரர் வாறாங்களாக்கும், வீட்டைக் கேக்கப் போறார்" என்றாள் யதுஷா.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்படியானால் பியரை விட்டுவிட்டிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வியாழக்கிழமை எனக்கு லீவு, மேல்வீட்டுக்காரர் இருவரும் ஒஷாவாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள், பாகு ரின்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்து என்னைக் கூப்பிட்டன. யன்னல்களைத் திறந்துவிட்டு, பெரிய சட்டியில் ஒரு மணித்தியாலம் காய்ச்சி, பாத்றூம் தொட்டியில் ஐஸ் போட்டு ஆறவைத்து, வாளியில் ஊற்றி ஈஸ்ற்றைத் தூவி மூடினேன். ஃபேர்னஸுக்கு மற்றப் பக்க மூலையில் வைத்தேன். கைகழுவும்போது நான் ஏதோ பெரிய மனிதனாகிவிட்டது போல இருந்தது.

வெள்ளி காலை குழாயில் ஒரு குமிழியும் இல்லை. மத்தியானம் யதுஷாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன், இல்லை என்றாள். மாலை வந்து பார்த்தேன், செத்த வாளி. ஒன்றரை நாள் பொறுத்திரு என்று போலந்துக்காரன் தந்த புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் ரொறன்ரோவில் குளிர்காலத்தில் தோசை மா புளிக்கவில்லையென்றால் நம்முடைய வீடுகளில் என்ன செய்வோம்? ஓவனுக்குள் லைற்றைப் போட்டு வைப்போம், இல்லாவிட்டால் போர்வையால் சுற்றிச் சூட்டுக்குப் பக்கத்தில் வைப்போம். நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு போர்வையால் வாளியை நன்றாகச் சுற்றி ஃபேர்னஸோடு ஒட்டி வைத்தேன். போர்வைக்குள் வெப்பமானிப் பட்டி மறைந்துபோனது. ஒன்பது வருடமாகச் சூடு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன், தன் சொந்த வாளியின் சூட்டைப் பார்க்காமல் நித்திரைக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை வாளி கடகடவென்று கொதிக்கிற மாதிரிச் சத்தம் போட்டது. எனக்கு ஒரே புளுகம், துள்ளாத குறை. பத்து மணிபோல தவமணி அன்ரி படியில் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை யதுஷா, கீழ வாழைப்பழம் பழுக்க வைச்சிருக்கிறீங்களோ? சாமியறைக்குள்ள சூடு வாற துவாரத்தால வாழைப்பழமும் கராம்பும் மணக்குது."

கோதுமை பியரின் ஈஸ்ற் நொதிக்கும்போது வாழைப்பழமும் கராம்பும்தான் மணக்கும். சூடு கூடினால் வாழைப்பழம் இன்னும் கூடும். அது புத்தகத்தில் இருந்தது. அந்த மணம் ஃபேர்னஸின் சூட்டுக்காற்றோடு ஏறி முருகனுக்கு முன்னால் போய் நிற்கும் என்று புத்தகத்தில் இருக்கவில்லை.

"ஓம் அன்ரி, ஒரு சீப்பு வாங்கினனாங்கள்" என்றாள் யதுஷா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் அரை அடி குறைந்துபோனேன்.

அன்று பின்னேரம் கதவுக்குக் கீழால் ஒரு கடிதம் வந்தது. நாலு வருடத்தில் அங்கிள் எங்களுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதியதில்லை. ஏணி எடுக்க, ஃபேர்னஸில் தூசி பிடிக்கும் பில்ரரை மாற்ற, எதற்கு வந்தாலும் 'தம்பி' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நேரே உள்ளே வருகிறவர். இப்போது வெள்ளைத் தாளில், திகதி போட்டு, கையொப்பம் வைத்து எழுதியிருந்தார். 'நாளை ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு ஃபேர்னஸ் பில்ரர் மாற்ற உள்ளே வர உங்கள் அனுமதியைத் தயவுடன் கோருகிறேன்.'

யதுஷா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். "முடிஞ்சுது. முதல் கடதாசி இது. அடுத்தது எழும்பச் சொல்லுற கடதாசி" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "இந்த வருசம்தான் புள்ளைக்கு ஒரு நல்ல ரீச்சர் கிடைச்சிருக்கு" என்றாள், கடிதத்தை மடித்துக்கொண்டே. என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

ஊற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் இருபது லீற்றரை ஊற்றினால் மணம் வீடு முழுக்கப் பரவும். ஆகவே ஒளிப்பது என்று முடிவானது. அட்சயாவைப் பக்கத்து வீட்டில் விளையாட விட்டுவிட்டு, ஞாயிறு மூன்றே முக்காலுக்கு வாளியைப் போர்வையோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குக் கொண்டுபோய், உடுப்புக் கிளோசெற்றின் மூலையில் வைத்தேன். தூக்கும்போது உள்ளே அது குலுங்கியது. வைத்த பிறகு பார்த்தால், குமிழிக் குழாய்க்குள் மண்ணிற நுரை ஏறி இறுகி அடைத்துப்போயிருந்தது. கழற்றிக் கழுவவேண்டும் என்று கை நீட்டினேன். அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டுப்பட்டது. நாலு மணிக்கு என்று எழுதியவர் பத்து நிமிடம் முந்தி வந்து நின்றார். குழாயைப் பிறகு பார்க்கலாம் என்று மேலே இன்னொரு போர்வையைப் போட்டு, கிளோசெற் கதவைச் சாத்திவிட்டு ஓடினேன்.

அங்கிள் கோயிலுக்குப் போகிறது போல இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்திருந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்தார். ஃபேர்னஸ் அறைக்குள் போய்ப் பழைய பில்ரரை இழுத்து எடுத்தார். நான் புதியதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யதுஷா கதவடியில் நின்றாள்.

அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார். படிவத்தைக் கழற்ற மறந்துபோயிருந்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வாசித்தார். வாளியை ஒளித்துவிட்டு வெப்பநிலைத் தாளை விட்டுவிட்டேனே, இனி ஏன் எழுதினாய் என்று கேட்கப்போகிறார், நான் உளறப்போகிறேன் என்று எனக்கு வியர்த்தது. அவர் பழைய பில்ரரை மார்போடு இறுக்கிப் பிடித்தார். கோபம் என்று நினைத்தேன்.

"தம்பி," என்றார், என்னைப் பார்க்காமல். "நான் உங்களோட ஒரு விஷயம் கதைக்கவேணும்."

"சொல்லுங்கோ அங்கிள்."

"எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை..."

படுக்கையறைக்குள் டமார் என்று ஒரு வெடி கேட்டது. பிறகு ஏதோ உருண்டது. பிறகு சளசளவென்று ஒழுகுகிற சத்தம்.

மூன்று பேரும் ஓடினோம். கிளோசெற் கதவு தானாகத் திறந்து கிடந்தது. வாளியின் மூடி கட்டிலில். கூரையிலிருந்து மஞ்சள் நுரை துளித்துளியாக விழுந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்குத் தைத்த என் ஒரேயொரு கோட், நுரையில் குளித்துவிட்டுத் தொங்கியது. வாழைப்பழக் கடையொன்றுக்குள் பேக்கரி ஒன்று இடிந்து விழுந்தது போல மணம்.

"இதென்ன?" என்றார் அங்கிள். கையில் இன்னும் பழைய பில்ரர்.

பொய் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "பியர் அங்கிள். கோதுமை பியர். நான்தான் காய்ச்சினனான். யதுஷா வேண்டாமெண்டுதான் சொன்னவ."

அவர் வாளியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தாள்?"

"எந்தத் தாள்?"

"சுவரில ஒட்டியிருக்கிற தாள். சூடு எழுதி, கையெழுத்து வைச்சு..."

"அது இதுக்குத்தான் அங்கிள். பியர் புளிக்கிறதுக்குச் சூடு அளவாயிருக்கவேணும். என்ரை வேலையிடத்துப் படிவம் அது."

"சிற்றிக்குக் குடுக்க இல்லையோ?"

"சிற்றிக்கோ? நகரசபைக்கோ?"

அவர் ஈரமான கட்டில் விளிம்பில் அப்படியே இருந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். தோள் குலுங்கியது. யதுஷா பயந்துபோய் ஒரு எட்டு முன்னுக்கு வைத்தாள். அவர் கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போன ஞாயிறு ஏணி எடுக்க வந்தனான். உந்தத் தாளைக் கண்டன். ஏற்றுக்கொள்ள முடியாது எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கு. குளிர்காலத்தில இருபத்தொண்டுக்குக் கீழ விட்டால் சிற்றிக்காரன் பிடிப்பான். மற்ற நாள் நீரும் டிரைவ்வேயில வைச்சுச் சூடு சரியில்லை எண்டு சொல்லுறீர். சரி, தம்பி என்னில கேஸ் கட்டுறார் எண்டு முடிவெடுத்திட்டன். அவங்கள் வந்து பாத்தாங்கள் எண்டால் சூட்டோட விடுவாங்களோ? இந்த பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடுறதுக்கு பேமிற் இல்லை, தெரியுமே?"

"தெரியும் அங்கிள். இந்த றோட்டில ஆருக்கு இருக்கு?"

"பூட்டச் சொல்லுவாங்கள். உங்கட வாடகை இல்லாட்டி நாங்கள் இந்த வீட்டை வைச்சிருக்கேலாது. இந்த வயசில மகளின்ர வீட்டு மூலையில போய்க் கிடக்கவேணும். ஒரு கிழமையா ஒரு கண் நித்திரை இல்லை எனக்கு. அனுமதி கேட்டுத்தான் உள்ள போகவேணும் எண்டு ஆரோ சொன்னதால கடிதமும் எழுதினன். இண்டைக்குக் காலில விழாக் குறையாக் கெஞ்சிறதெண்டுதான் வந்தனான்."

அந்த இடியப்பமும் ஹீற்றரும் இருபத்திமூன்று பாகையும் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய பயம் சூடாக ஏறி என் வாளியை வெடிக்க வைத்திருந்தது. எங்கள் பயம் அதைக் கிளோசெற்றுக்குள் தள்ளியிருந்தது. நெஞ்சில் நாலைந்து நாளாக இருந்த கல் கழன்று விழுந்தது. நானும் சிரிக்கத் தொடங்கினேன், யதுஷாதான் சிரிக்காமல் நின்றாள்.

"நாங்க உங்களுக்குப் பியர் தெரிஞ்சிட்டுது, எழும்பச் சொல்லப் போறீங்க எண்டு செத்துக்கொண்டிருந்தம் அங்கிள்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் அழுதாள்.

மேலே இருந்து தவமணி அன்ரியின் குரல் வந்தது. "என்னப்பா சத்தம்? என்ன விழுந்தது?"

அங்கிள் எங்களைப் பார்த்தார். விரலை உயர்த்தினார். இந்த முறை அது உதட்டுக்கு முன்னால் நின்றது.

"ஒண்டுமில்லை," என்று மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "கிளோசெற் தட்டு கழண்டு விழுந்திட்டுது. நான் பூட்டிக் குடுத்திட்டு வாறன்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "குடி எனக்கு இப்பவும் பிடிக்காது. அதில மாற்றமில்லை. ஆனா மிச்சத்தை இப்ப வெளியில ஊத்தினால் அவ கண்டிடுவா. உதுக்கு எவ்வளவு சூடு வேணும்?"

"பதினெட்டு அங்கிள்."

"பதினெட்டோ?" அவர் வாயைப் பிளந்தார். "நான் இருபத்திமூண்டில விட்டுக் காஸை எரிச்சுத் தள்ளிக்கொண்டிருக்கிறன். நீர் பதினெட்டெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீர்" என்றது காதில் விழுந்தபோது எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை, நான் முழங்கை வரை பியர். ஏணியை எடுத்துவந்து அவரே கூரையைத் துடைத்தார். யதுஷா கட்டில் விரிப்பைக் கழற்றினாள். நான் குமிழிக் குழாயைக் கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவி, வாளியைத் துடைத்து மூடி, போர்வை ஒன்றும் இல்லாமல் ஃபேர்னஸுக்கு எட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. கொஞ்ச நேரத்தில் குமிழி விட்டு விட்டு, அமைதியாக வரத் தொடங்கியது.

எல்லாம் முடிந்து ஆறு மணியாகியிருக்கும். அங்கிள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியேறினார். இரண்டு படி ஏறியவர் நின்று திரும்பினார். முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை.

"தம்பி, நீர் இந்த வீட்டை விட்டுப் போகமாட்டீர்தானே?"

எங்களைப் போகச் சொல்லமாட்டீர்கள்தானே என்று அவரிடம் கேட்கத்தான் நான் நாலைந்து நாளாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் கேட்கிறார்.

"எங்கயும் போகமாட்டம் அங்கிள்" என்றாள் யதுஷா, எனக்கு முந்தி.

அவர் தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். கதவு சாத்துப்படுகிற சத்தம் கேட்டது. நான் ஈரக் கட்டிலில் போய் இருந்தேன். பிறகு எழும்பிப்போய், ஃபேர்னஸ் அறைச் சுவரிலிருந்த படிவத்தைக் கழற்றி மடித்து வைத்தேன்.